ஊருக்குப் போதல்: கோலார் தங்கவயல் தமிழரின் அன்றாடப் பயணங்கள் குறித்துச் சில குறிப்புகள்

சில மாதங்களுக்கு முன் ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்து முடித்தபின், தேநீர் இடைவேளையில் மூத்த பேராசிரியர் ஒருவர் அன்போடு கேட்டார்: "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" தங்கவயல் என்றேன். "அது சரி, சொந்த ஊர்?" என்று மீண்டும் கேட்டார். அவர் கேள்வியில் தவறேதும் இல்லை. தமிழ் பேசும் ஒருவருக்குக் கர்நாடகத்தில் உள்ள ஒரு நகரம் சொந்த ஊராக இருக்க முடியாது என்பது நம் பொதுப்புத்தியில் ஊறிப்போன எண்ணம். அன்று எதையோ சொல்லிச் சமாளித்தேன். அந்தக் கேள்விக்கான விடையை இப்போது சற்று விரிவாக எழுதிப் பார்க்கிறேன். நீண்ட பதிவு, நண்பர்கள் பொறுத்தருள்க.

2018இல் வெளிவந்த 'கே.ஜி.எஃப்' என்ற கன்னடத் திரைப்படமும், 2024இல் பா. இரஞ்சித் இயக்கத்தில் வெளிவந்த 'தங்கலான்' திரைப்படமும் எங்கள் நகரின் பெயரைப் பலருக்கும் கொண்டுசேர்த்தன. முதலாவது அதன் மனிதர்களை ஏறக்குறைய மறந்தது. இரண்டாவது அவர்கள் புறப்பட்டு வந்த கதையைச் சொல்ல முயன்றது. ஆயினும் பொன்னைத் தேடி ஒருமுறை வந்தார்கள் என்பதோடு நம் வரலாற்றுக் கற்பனை பெரும்பாலும் நின்றுவிடுகிறது. ஆய்வுகளும் 'புலம்பெயர்வு', 'சுரங்க மூடல்' என்னும் இரு நிகழ்ச்சிகளுக்கு இடையே தங்கவயலின் வரலாற்றை அடக்கிவிடுகின்றன. என் கருத்து வேறு. தங்கவயல் தமிழர் ஒருமுறை வந்து தங்கியவர் அல்லர். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக ஓயாமல் போய்வந்துகொண்டிருப்பவர். அந்தப் போக்குவரத்தைக் கணக்கில் கொள்ளாமல் அவர்களின் மொழியையோ, சிறுபான்மை நிலையையோ விளங்கிக்கொள்ள இயலாது.

முதலில் அடிப்படைச் செய்திகள். 1802இல் ஜான் வாரன் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி இப்பகுதியில் மக்கள் மண்ணை அரித்துப் பொன் எடுப்பதைப் பதிவு செய்தார். 1870களில் மைக்கேல் லவெல் என்பவர் மைசூர் அரசிடம் சுரங்க உரிமை பெற்றார். 1880இல் இலண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் பொறுப்பேற்றபின் வேலைகள் பெருகின. மைசூர், சாம்பியன் ரீப், உரிகம், நந்திதுர்க்கம் என்னும் நான்கு பெரிய சுரங்கங்கள் நிலைபெற்றன. 1894இல் பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, மாரிகுப்பம் வரை ஏறத்தாழ 16 கி.மீ. நீளமுள்ள கிளைப்பாதை திறக்கப்பட்டது. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே தங்கவயலில் 38,000 பேருக்கு மேல் வாழ்ந்தனர். மறு ஆண்டு, 1902இல், சிவசமுத்திரத்தில் உற்பத்தியான மின்சாரம் ஏறத்தாழ 147 கி.மீ. கடந்து சுரங்கங்களை வந்தடைந்தது.

இந்தச் செய்திகளில் ஆய்வாளர்கள் வழக்கமாக மின்சாரத்தை வியந்து போற்றுவர். அந்தச் சிறு கிளைப்பாதையை நான் அதனினும் முதன்மையானதாகக் கருதுகிறேன். ஏனெனில், சென்னையிலிருந்து சோலையார்பேட்டை வழியாகப் பெங்களூருக்குச் செல்லும் இருப்புப்பாதை 1864இலேயே அமைந்துவிட்டது. சுரங்கத்தின் அடியில் இறங்கி வேலை செய்ய வந்தவர்களில் பெரும்பான்மையோர் குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர், சித்தூர், சேலம் ஆகிய பகுதிகளின் ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்கள். கிளைப்பாதை திறந்தபின் அவர்களின் பிறந்த ஊரும் சுரங்கமும் ஒரே தண்டவாளத்தால் இணைந்துவிட்டன.

இலங்கை மலையகத்தோடு ஒப்பிட்டால் இதன் பொருள் விளங்கும். அங்கும் இதே காலத்தில் தமிழ்த் தொழிலாளர் சென்றனர். அங்கும் வரிசை வீடுகள்தாம். அவர்கள் 'லயம்' என்றனர், நாங்கள் 'லைன்' என்கிறோம். ஒரே ஆங்கிலச் சொல்லின் இரு வடிவங்கள். ஆனால் அங்கே போனவர்களுக்குக் கடலும் கங்காணியின் கடனும் குறுக்கே நின்றன. திரும்பி வருவது பலருக்கு வாழ்நாளில் ஓரிரு முறை வாய்க்கும் செயல். தங்கவயலிலோ பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் போகலாம். முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போகலாம். சாவுச் செய்தி வந்தால் அன்றிரவே புறப்படலாம். அறுவடைக் காலத்தில் ஊருக்குப் போய்ச் சில வாரம் தங்கிவிட்டு மறுபடியும் வேலைக்கு வரலாம். நிர்வாகம் இதை ஒழுங்கின்மையாகக் கண்டது. தொழிலாளிக்கு இது இரண்டு காலில் நிற்கும் வாழ்க்கை.

என் பாட்டி மாரிகுப்பம் லைன் வீட்டில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். கட்டிலுக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டி எப்போதும் இருக்கும். அதில் ஒரு புதுப்புடவை, ஒரு வேட்டி, குலதெய்வத்துக்கு முடிந்துவைத்த காணிக்கை. "ஊருக்குப் போவணும்" என்று அவர் சொன்னால் அது குடியாத்தத்துக்கு அருகே உள்ள ஒரு சிற்றூரையே குறிக்கும். அவர் அங்கு வாழ்ந்தது பதினாறு வயது வரைதான். ஆனாலும் தங்கவயலை அவர் 'ஊர்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. தங்கவயல் அவருக்கு 'மைன்ஸ்', அல்லது 'இங்க'.

எனினும் அந்த ஊரை ஏக்கத்தின் நிழலில் மட்டும் பார்த்தால் தவறிழைப்போம். சுரங்கத்தில் மாதக்கூலி பணமாகக் கிடைத்தது. காலில் பூட்சு இருந்தது. லைன்களிலும் சாதி இருந்தது, இனப் படிநிலை இருந்தது; வெள்ளை அதிகாரிகளின் மாளிகைகளுக்கும் தட்டி வீடுகளுக்கும் இடையிலிருந்த தூரத்தை இன்றும் நடந்து பார்த்தால் உணரலாம். ஆனால் பிறந்த சேரியின் அன்றாட அடிமைத்தனம் இங்கே இல்லை. என் பாட்டனார் ஊருக்குப் போகும்போது கிராமத்து எல்லையில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வாராம். ஒருமுறை கழற்றாமலே நடந்தார். அதன்பின் மூன்று ஆண்டுகள் ஊருக்குப் போகவில்லை. பிறகு அரை ஏக்கர் நிலம் வாங்குவதற்காகப் போனார். இதைப் பாட்டி பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த மூன்று ஆண்டு இடைவெளியைச் சாதி வரலாறு எழுதுவோர் எந்த ஆவணக் காப்பகத்தில் தேடுவர்?

இருப்புப்பாதை ஆட்களை மட்டுமா ஏற்றிவந்தது? கருத்துகளும் அதே வண்டியில்தான் வந்தன. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழுக்கு உறுதியான வாசகர் வட்டம் இங்கே அமைந்தது. அவர் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை மாரிகுப்பத்தில் இயங்கியது. 1914இல் பண்டிதர் மறைந்தபின், 1926 முதல் தங்கவயலிலிருந்தே ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு 'தமிழன்' மீண்டும் வெளிவந்தது. பண்டிதரின் நூல்களைச் சித்தார்த்தா புத்தகசாலை இங்கிருந்து பதிப்பித்தது. சென்னை, திருப்பத்தூர், தங்கவயல் ஆகிய மூன்றுக்கும் இடையே சொற்பொழிவாளர்களும் அச்சுத்தாள்களும் ஓயாமல் போய்வந்தன. மைசூர் சமஸ்தானத்தின் ஒரு மூலையில், கன்னடமும் தெலுங்கும் சூழ்ந்த நிலத்தில், சுரங்கத் தொழிலாளரின் கூலிப் பணத்தில் தமிழ் அறிவியக்கம் ஒன்று வேர்கொண்டது. தமிழின் நவீன சிந்தனை வரலாற்றில் இந்த நகரத்தின் இடம் ஓர் அடிக்குறிப்பு அன்று.

இதற்கிடையே மற்றொரு பயணமும் இருந்தது. அது மேலிருந்து கீழ் நோக்கிய பயணம். கிப்போர்டு, ஹென்றி, எட்கர் என்று வெள்ளையர் பெயர் தாங்கிய ஷாப்டுகளில் கூண்டு இறங்கும். சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கி.மீ.க்கும் மேல் ஆழம் கொண்டது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக அது கருதப்பட்டது. அந்த ஆழத்தில் பாறையே சுடும். கூண்டில் இறங்கி, கிடைவழியில் நடந்து, மீண்டும் மற்றொரு கூண்டில் இறங்கி வேலையிடம் சேர வேண்டும். முதியோரிடம் உரையாடல் பதிவு செய்தபோது அவர்கள் இதை 'வேலைக்குப் போனேன்' என்று அரிதாகவே சொன்னார்கள். 'கீழ போனேன்', 'மேல வந்தேன்' என்றே சொன்னார்கள். ஒருவரின் தகப்பனார் பாறை வெடிப்பில் இறந்ததைக் குறிப்பிடுகையில் அவர் சொன்ன தொடர் இது: "அவரு மேல வரல." அதற்குமேல் அவர் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இலக்கண நூலோர் திசையைக் குறிக்கும் சொற்கள் என்று வகைப்படுத்தும் மேல், கீழ் என்பவை இந்நகரில் உயிருக்கும் சாவுக்கும் இடையிலான சொற்களாக மாறியிருந்தன. ஸ்டோப், ஸ்கிப், கேஜ் முதலிய ஆங்கிலத் தொழிற்சொற்கள் கார்ன்வாலிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளரோடு வந்து எங்கள் வடார்க்காட்டுத் தமிழில் கலந்தன. இன்று அவற்றை அறிந்தவர் அறுபது வயதைக் கடந்தவர்கள் மட்டுமே.

போவதும் வருவதும் தொழிலாளியின் உரிமை என்ற உணர்வு எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு 1930 வேலைநிறுத்தம் சான்று. தொழிலாளர் அனைவரின் கைரேகையையும் பதிவு செய்யும் திட்டத்தை நிர்வாகம் கொண்டுவந்தது. ஏப்ரல் மாதத்தில் தொடங்கி ஏறத்தாழ மூன்று வாரம் சுரங்கங்கள் முடங்கின. குற்றவாளிகளைப் போல நடத்தப்படுகிறோம் என்ற சினம் அதில் வெளிப்பட்டது. அதோடு வேறொன்றையும் நான் அதில் காண்கிறேன். ஒரு சுரங்கத்தில் வேலை இழந்தவர் அடுத்த சுரங்கத்துக்குப் போவதும், ஊருக்குப் போய்த் திரும்பியவர் புதிதாக வேலை கேட்பதும் கைரேகை இல்லாதவரையில்தான் எளிது. கைரேகை மனிதனை ஓரிடத்தில் கட்டிப்போடும் கருவி. தாளில் விரலைப் பதிக்க மறுத்தவர்கள் தம் கால்களுக்கான உரிமையையும் காத்துக்கொண்டனர் என்று சொல்லலாம்.

1956 இந்த வரலாற்றில் இருமடங்கு முதன்மையான ஆண்டு. அவ்வாண்டு மைசூர் மாநில அரசு சுரங்கங்களைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. அவ்வாண்டே மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. முதலில் இருந்ததும் மைசூர்தான், பின்னர் இருந்ததும் மைசூர்தான். எங்கள் லைன்கள் ஓர் அங்குலமும் நகரவில்லை. ஆனால் நாங்கள் வேறொன்றாகிவிட்டோம். அரசியலமைப்பின் ஏழாவது திருத்தம், தாய்மொழியில் தொடக்கக்கல்வி அளிக்க வகைசெய்யும் 350ஏ பிரிவையும், மொழிச் சிறுபான்மையினருக்கான சிறப்பு அதிகாரி குறித்த 350பி பிரிவையும் சேர்த்தது. தொழிலாளியாகவும் ஆதிதிராவிடராகவும் பௌத்தராகவும் தம்மை அறிந்திருந்தவர்கள் அன்றுமுதல் 'மொழிச் சிறுபான்மையினர்' என்னும் சட்டப் பெயரையும் பெற்றனர். 1962இல் சுரங்கங்கள் ஒன்றிய அரசிடம் சென்றன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவானது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. ஏறத்தாழ 800 டன் பொன்னைத் தந்த நிலம் அது. ஒரு காலத்தில் 30,000 பேர் வரை வேலைசெய்த இடத்தில் மூடும்போது எஞ்சியிருந்தவர்கள் 4,000 பேருக்கும் குறைவு.

அப்போது எனக்கு நான்கு வயது. சங்கு ஊதுவது நின்றுபோனதை நான் நேரில் உணர்ந்தேனா, அல்லது பலரும் சொல்லக் கேட்டதை என் நினைவாக்கிக்கொண்டேனா என்று எனக்குத் தெளிவில்லை.

சுரங்கம் மூடினால் சுரங்க நகரம் காலியாகும் என்பது உலக வழக்கு. அமெரிக்க மேற்கிலும் ஆஸ்திரேலியாவிலும் அப்படிக் கைவிடப்பட்ட ஊர்கள் பல. தங்கவயலையும் 'பேய் நகரம்' என்று எழுதிய செய்திக் கட்டுரைகளைப் படித்திருக்கிறேன். ஆனால் கணக்கெடுப்பைப் பாருங்கள். ராபர்ட்சன்பேட்டை நகரத்திரளின் மக்கள்தொகை 2001இல் ஏறத்தாழ 1.57 லட்சம், 2011இல் ஏறத்தாழ 1.62 லட்சம். நகரம் சுருங்கவில்லை. என்ன நடந்தது? மக்கள் வெளியேறவில்லை, ஒவ்வொரு நாளும் வெளியேறி ஒவ்வொரு நாளும் திரும்பினார்கள்.

விடியுமுன் மாரிகுப்பத்தில் புறப்படும் வண்டி, சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களில் ஆட்களை ஏற்றிக்கொண்டு பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர் சேரும். ஒருவழித் தூரம் ஏறக்குறைய 85 கி.மீ. வேலைக்குப் போய்வர நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேரம் இரயிலில் கழியும். சுரங்கத்தில் மின்வேலை பார்த்த என் தந்தையார் பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலரானார். பதினேழு ஆண்டுகள் சீசன் டிக்கெட்டில் போய்வந்தார். மொத்தத் தூரத்தை ஒருநாள் கணக்கிட்டுப் பார்த்து, எட்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியதும் நிறுத்திக்கொண்டேன். நிலவுக்குப் போய்த் திரும்பும் தூரத்தைவிட அது அதிகம்.

அந்த வண்டியை நான் இரண்டு ஆண்டுகள் ஆய்வுக்களமாகக் கொண்டேன். அங்கே இருக்கைகளுக்கு எழுதப்படாத பட்டா உண்டு. ஒரு பெட்டியில் பஜனை, மற்றொன்றில் சீட்டாட்டம். பெண்கள் பெட்டியில் மாலை வண்டியில் கீரை ஆய்ந்து முடித்துவிடுவார்கள், வீட்டுக்குப் போனதும் உலை வைக்க வேண்டும் என்பதால். சீட்டுப் பிடித்தல், பெண் பார்த்தல், மகனுக்கு வேலை சொல்லிவைத்தல் எல்லாம் அங்கேதான். உரிகத்தில் ஏறும் கன்னடக் குடும்பத்தாரும் பங்காருப்பேட்டையில் ஏறும் தெலுங்கரும் உருது பேசுவோரும் அதே குழுக்களில் இருக்கிறார்கள். ஒரே உரையாடலில் நான்கு மொழிகள் மாறி மாறி வரும். பெங்களூர் நெருங்க நெருங்க, கைப்பேசியில் முதலாளியிடமோ மேலாளரிடமோ பேசும் கன்னடம் பெருகும்.

ஆனால் எல்லா நாளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. காவிரிச் சிக்கலையொட்டி 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் பெங்களூரில் தமிழருக்கு எதிரான வன்முறை மூண்டது. 2016இல் தந்தையார் மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. நான்காம் நாள் போனபோது வண்டியில் எவரும் உரக்கப் பேசவில்லை என்றார். பல ஆண்டுகளாக அவர் அருகில் அமர்ந்துவந்த கன்னட நண்பர், கண்டோன்மெண்டில் இறங்கி அவரோடு வேலையிடம் வரை நடந்துவந்து விட்டுச்சென்றார். சிறுபான்மையினரின் அன்றாடம் என்பது இவ்விரண்டும் சேர்ந்ததுதான்: குரலைத் தாழ்த்திக்கொள்வதும், உடன்நடக்க ஒருவர் இருப்பதும்.

இப்போது 'ஊர்' என்ற சொல்லுக்கு வருகிறேன். நான் பதிவுசெய்த உரையாடல்களில் மூன்று தலைமுறைகள் அச்சொல்லை மூன்று விதமாகப் பயன்படுத்துகின்றன. பாட்டி தலைமுறைக்கு ஊர் என்பது வட ஆற்காட்டுச் சிற்றூர். தந்தையார் தலைமுறையில் அச்சொல் தடுமாறுகிறது. ஒரே மனிதர் ஒரே உரையாடலில் 'ஊருக்குப் போயி கெடா வெட்டினோம்' என்று குடியாத்தத்தையும், 'சாயங்காலம் ஊருக்கு வந்துட்டேன்' என்று தங்கவயலையும் சுட்டுகிறார். பெங்களூரில் அறை எடுத்துத் தங்கி வாரம் ஒருமுறை வரும் என் தலைமுறைக்கு ஊர் ஒன்றே. 'வெள்ளிக்கிழமை ஊருக்குப் போறேன்' என்றால் அது தங்கவயல். எந்த அரசாணையும் அறிவிக்காத மாற்றம் இது. சுரங்கம் இருந்தவரை 'மைன்ஸ்' ஆக இருந்த இடம், சுரங்கம் மூடியபின் 'ஊர்' ஆயிற்று. தினமும் அதை விட்டுப் போகத் தொடங்கிய பிறகே எங்களுக்கு அது ஊரானது.

இது சொல்லாராய்ச்சிக்காரனின் மகிழ்ச்சிக்கான செய்தி மட்டும் அன்று. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை மாநிலவாரியானது. ஆகவே, அந்த ஆணை வெளியானபோது குடும்பம் எந்த மாநிலத்தில் நிலையாக வாழ்ந்தது என்ற கேள்வி சாதிச் சான்றிதழ் பெறும்போது எழும். முதுகலையில் சேர்வதற்காக நான் ஓர் அலுவலகத்தில் விண்ணப்பித்தபோது, "உங்கள் பூர்வீகம் தமிழ்நாடு அல்லவா, அங்கே போய் வாங்குங்கள்" என்றார்கள். தமிழ்நாட்டில் விசாரித்தால், "நீங்கள் கர்நாடகத்தில் பிறந்தவர்" என்றார்கள். இறுதியில் என்னைக் காப்பாற்றியது பாட்டனாரின் பழைய சுரங்கப் பணிப்பதிவுத் தாள். 1950க்கு முந்தைய தேதியோடு அது பாட்டியின் டிரங்குப் பெட்டியில் இருந்தது, காணிக்கை முடிச்சுக்குக் கீழே.

சீனத்தில் 1958 முதல் நடைமுறையில் உள்ள ஹுக்கோ என்னும் குடிப்பதிவு முறையைப் பற்றி அண்மையில் படித்தபோது இதை நினைத்துக்கொண்டேன். குய்ச்சோ மாகாணத்து மியாவ், தோங் சிறுபான்மை மக்கள் குவாங்தோங் ஆலைகளில் ஆண்டுக்கணக்கில் உழைத்தாலும், பதிவு பிறந்த ஊரில் இருப்பதால் பிள்ளைகளின் பள்ளி முதலியவற்றுக்கு அல்லற்படுகிறார்கள். புத்தாண்டுக்கு நெடும்பயணம் செய்து ஊர் திரும்புகிறார்கள். சட்டமும் சூழலும் வேறு. ஆனால் பயணம் செய்து பிழைக்கும் மக்களை ஒரே இடத்துக்கு உரியவராகப் பதிவு செய்ய விரும்பும் அரசின் மனப்பாங்கு அங்கும் இங்கும் ஒன்றே.

ஆகவே நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிறுவனங்களின் ஆவணங்கள் ஓரளவு பாதுகாக்கப்பட்டுள்ளன. மக்களின் ஆவணங்கள் பெட்டிகளிலும் பரண்களிலும் கிடக்கின்றன: பணிப்பதிவுத் தாள்கள், ஊருக்கு எழுதிய அஞ்சலட்டைகள், சங்கச் சந்தா ரசீதுகள், பழைய சீசன் டிக்கெட்டுகள். தங்கவயல் குடும்பத்தைச் சேர்ந்த மாணவர்கள் அவற்றைத் தூக்கி எறியாமல் படமெடுத்துவைக்க வேண்டும். பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்ய வேண்டும். தமிழ்வழிப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்துவரும் இந்த நகரில், 'கீழ', 'மேல' என்று பேசிய தலைமுறை நம்மோடு இருக்கப்போவது இன்னும் சில ஆண்டுகள்தான். என் கருத்துகளில் பிழையிருப்பின் திருத்துங்கள். குறிப்பாக 'ஊர்' என்ற சொல்லின் வழக்கு உங்கள் வீடுகளில் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

பேராசிரியர் ஐயாவுக்கும் இப்போது விடை சொல்லிவிடலாம். என் பாட்டியின் சொந்த ஊர் குடியாத்தம் பக்கம். என் சொந்த ஊர் கோலார் தங்கவயல். நாளை வெள்ளிக்கிழமை, மாலை வண்டியில் ஊருக்குப் போகிறேன்.